1845: ஒரு கிரயப் பத்திரமும் அதன் மௌனங்களும்

1

எங்கள் ஊருக்குக் கப்பலூர் என்று பெயர். மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் போகிற வழியில் இருக்கிறது. பெயரில்தான் கப்பல், கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெயர்க்காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எதுவும் நிற்காது. இங்கே வந்து வரிசையில் நிற்பவை லாரிகள்தான். சில தொழிற்பேட்டைக்குள் போகிறவை, மற்றவை சுங்கச்சாவடியில் காசு கட்டக் காத்திருப்பவை.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு டென்மார்க் ராஜ்யத்தின் 1845ஆம் ஆண்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "ஏன் தோழர், நம்ம ஊர்ப் பிரச்சினையெல்லாம் தீந்துபோச்சா?" தீரவில்லை. தீராததால்தான் அந்த ஆண்டுவரை போக வேண்டியிருக்கிறது.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது நடந்தது இது. இரண்டு தலைமுறையாக நாங்கள் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த நிலத்தில் ஒருநாள் காலை நான்கு பேர் கல் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். நிலத்துக்காரர் டவுனில் இருந்தார். விற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா போய்க் கேட்டார். நிலத்துக்காரர் ஒன்றும் கெட்டவரில்லை, உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்த அப்பா அம்மாவிடம் சொன்னது இது: "பத்திரம்ங்கிறது வித்தவனுக்கும் வாங்குனவனுக்கும்தான். நடுவுல நம்ம எங்க வர்றோம்?"

பல ஆண்டுகள் கழித்து, எம்.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்த நாட்களில், சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் நகலை வாங்கினேன். நான்கெல்லை இருந்தது. கிணறு இருந்தது. வேப்பமரம் இரண்டு இருந்தன. நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று அஷ்டபோக பாத்தியங்களும் வரிசையாக இருந்தன. பூமிக்கடியில் இருக்கக்கூடிய புதையல்கூட விற்கப்பட்டிருந்தது. அப்பாவைக் காணோம். "மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை" என்று ஒரு வரி. அந்த 'யாதொரு'வுக்குள்தான் அப்பா இருந்திருக்க வேண்டும்.

பிற்பாடு தரங்கம்பாடி பற்றிப் படிக்க நேர்ந்தபோது எனக்கு அந்த வரி திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. ஒரு ராஜ்யம், ஒரு துறைமுகப் பட்டினத்தையும் அதைச் சுற்றியிருந்த கிராமங்களையும், மனிதர்களோடு சேர்த்து, ரொக்கத்துக்கு விற்ற ஆண்டு 1845. அந்த விற்பனையை நம் வரலாற்றெழுத்து எப்படி ஒரே வரியில் கடந்து போகிறது, அந்த ஒரு வரிக்குள் யார் யார் காணாமல் போகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1845 பிப்ரவரி 22 அன்று கல்கத்தாவில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. விற்றவர் டென்மார்க் மன்னர் எட்டாம் கிறிஸ்தியான். அவர் சார்பில் ஆளுநர் பீட்டர் ஹான்சன். வாங்கியது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ஹென்றி ஹார்டிஞ்ச். விற்ற சொத்து மூன்று: சோழமண்டலக் கரையில் தரங்கம்பாடியும் அதன் கிராமங்களும், வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலிருந்த சேரம்பூர், ஒரிசாக் கரையில் பாலசோரில் ஒரு துண்டு நிலம். கிரயத் தொகை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்.

அந்த ஜூன் மாதம் கோபன்ஹேகனிலிருந்து கலாத்தியா என்ற போர்க்கப்பல் புறப்பட்டது. தளபதி ஸ்டீன் பில்லே. உலகத்தைச் சுற்றிவருவதும் அறிவியல் மாதிரிகள் சேகரிப்பதும் பயணத்தின் பெரிய நோக்கங்கள்; போகிற வழியில் இந்தியாவில் விற்ற சொத்தை ஒப்படைக்கும் வேலையும் இருந்தது. அக்டோபரில் சேரம்பூரும் நவம்பரில் தரங்கம்பாடியும் கைமாறின. கோட்டையில் வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புக்கொடி இறங்கி ஆங்கிலேயர் கொடி ஏறியது. அதன்பின் சில ஆண்டுகளுக்கு அந்த ஊரே தஞ்சாவூர் மாவட்டக் கலெக்டரின் தலைமையிடமாக இருந்தது. 1860இல் தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனது. அடுத்த ஆண்டே நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. தரங்கம்பாடித் துறைமுகம் படுத்துவிட்டது.

சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தது. யுத்தமில்லை, ரத்தமில்லை. வரலாற்றாசிரியர்களுக்கு இதில் எழுத ஒன்றுமில்லாமல் போனதற்குக் காரணமே இந்த அமைதிதான். படையெடுப்பு என்றால் பத்துப் பக்கம் எழுதுவார்கள். பத்திரப் பதிவு என்றால் அரை வரி.

3

எம்.ஏ. வகுப்பில் எனக்குத் தரங்கம்பாடி அறிமுகமானது அச்சு வரலாற்றின் வழியாக. 1706இல் நான்காம் ஃபிரெடெரிக் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு வந்து இறங்கினார், தமிழ் படித்தார், அச்சுக்கூடம் வைத்தார், 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வந்தது, பக்கத்தில் காகிதப் பட்டறைகூட நடத்திப் பார்த்தார்கள். தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி அது. விடையின் கடைசி வரி எல்லோருக்கும் ஒன்றே: "இவ்வாறு டேனிஷ்காரர்கள் தமிழுக்குத் தொண்டாற்றினர்."

சீகன்பால்குவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழை உரைநடையில் அச்சிட்டுப் பரப்பியதில் அந்தப் பட்டினத்துக்குள்ள இடம் மறுக்க முடியாதது. ஆனால் சீகன்பால்கு ஜெர்மன்காரர். அவரை அனுப்பியது மன்னர். அவரைப் பிடித்து 1708இன் இறுதியில் நான்கு மாதம் டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்து வைத்தது மன்னரின் கொடியின் கீழிருந்த கம்பெனித் தளபதி. வியாபாரத்துக்கு வந்தவர்களுக்கும் மதம் பரப்ப வந்தவர்களுக்கும் நடந்த இழுபறி நெடுங்காலம் ஓயவில்லை. இந்த முரண்பாட்டையெல்லாம் கரைத்துவிட்டு, 'டேனிஷ்காரர்' என்ற ஒரே அன்பான உருவத்தை நாம் செய்து வைத்திருக்கிறோம். இது நல்ல காலனியம், சின்னக் காலனியம், புத்தகம் போட்ட காலனியம் என்று ஒரு கதையாடல்.

கதையாடல்களுக்குக் கட்டடமும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டை அருங்காட்சியகமானது. டென்மார்க்கிலிருந்து நிதியும் நிபுணர்களும் வந்து ஆளுநர் மாளிகையைப் புதுப்பித்தார்கள். மஞ்சள் சுண்ணாம்புச் சுவரும் கடல்காற்றுமாகப் பட்டினம் இன்று சுற்றுலா அட்டைகளில் அழகாகவே இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் அதே கடல் எழுந்து மீனவர் குப்பத்தை அடித்துக்கொண்டு போனது. பாதுகாக்க வேண்டிய 'பாரம்பரியம்' எது என்று அதற்குப் பிறகாவது கேட்டிருக்கலாம். குப்பத்தின் வீடுகளை யாரும் பாரம்பரியம் என்று சொல்வதில்லை. ஏனென்றால் பாரம்பரியப் பட்டியலும் ஒருவகைச் சொத்துப் பட்டியல்தான். எங்கள் பத்திரத்தில் வேப்பமரம் ஏறியது, அப்பா ஏறவில்லை என்பதைப்போல.

4

பத்திரம் வாங்கும்போது மூலப்பத்திரம் பார்ப்பது வழக்கம். இந்த விற்பனைக்கும் பார்ப்போம்.

தரங்கம்பாடியின் பழைய பெயர் சடங்கன்பாடி. அப்பெயர் மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டில் வருகிறது. கடல் தின்றது போக மிச்சமிருக்கிற கோயில் அது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு நிலம் விட்டவன் மாறவர்மன் குலசேகர பாண்டியன், எங்கள் மதுரைக்காரன். பிறகு அந்த வட்டாரம் தஞ்சை நாயக்கர் கைக்கு வந்தது. 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கர் டேனிஷ் தளபதி ஓவெ யெட்டெயுடன் உடன்படிக்கை செய்துகொண்டு கோட்டை கட்ட இடம் கொடுத்தார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தமிழில் அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய விஷயம் அந்த ஓலையின் தங்கமல்ல. கொடுக்கப்பட்டது வாடகைக்கு. ஆண்டுதோறும் தஞ்சை அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை 3,111 ரூபாய் என்று பின்னாளைய குறிப்புகள் சொல்கின்றன. நாயக்கருக்குப் பின் மராட்டியர் வந்தபோதும் டேனிஷ்காரர்கள் குத்தகைதாரர்கள்தான். இந்தத் தொகையை 225 ஆண்டும் ஒரு பைசா குறையாமல் கட்டியிருந்தால்கூட மொத்தம் 7 லட்சம் ஆகிறது. விற்ற விலை, சேரம்பூரும் பாலசோரும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம். குத்தகைதாரன் நிலத்தை விற்றான் என்று எங்கள் ஊர்ப் பக்கம் யாராவது சொன்னால் சிரிப்பார்கள். "அதெப்படிய்யா விக்க முடியும்?" என்பார்கள். பீரங்கி வைத்திருக்கிற குத்தகைதாரன் விற்கலாம். 1799இல் சரபோஜியிடமிருந்து தஞ்சை நிர்வாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு, அசல் நிலத்துக்காரனின் குரலுக்கும் இடமில்லாமல் போனது.

சரி, 225 ஆண்டும் அங்கே இருந்து பட்டினத்தை நடத்தினார்களா? பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் நெடுங்காலம், 1669 வரை, டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடத் தரங்கம்பாடிக்கு வரவில்லை. ஐரோப்பாவில் போர், கஜானா காலி. கோட்டையிலிருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, கடைசியில் கொங்ஸ்பக்கே என்ற ஒருவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். அதாவது, கப்பல் வராத அந்த வருஷங்களிலெல்லாம் அந்தத் 'டேனிஷ்' பட்டினத்தைப் பட்டினமாக வைத்திருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். கப்பலே இல்லாத கப்பலூர்க்காரனுக்கு இந்தச் செய்தி பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

லாபம் வந்த காலமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டபோது நடுநிலைக் கொடிக்கு மவுசு கூடியது. கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை ஐரோப்பாவுக்குக் கடத்த டேனிஷ் கப்பலைத்தான் நாடினார்கள். 1777இல் குடியேற்றங்களை மன்னரே நேரடியாக எடுத்துக்கொண்டார். நெப்போலியன் போரில் எல்லாம் தலைகீழானது. 1807இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகனைக் குண்டு வீசி எரித்தார்கள். 1808இல் தரங்கம்பாடியைப் பிடித்துக்கொண்டு, போர் முடிந்த பிறகே திருப்பிக் கொடுத்தார்கள். 1813இல் டேனிஷ் அரசு திவாலானது. 1814இல் கீல் உடன்படிக்கையில் நார்வே கைவிட்டுப் போனது. ஆங்கிலேயரின் மில் துணி வந்த பிறகு சோழமண்டலத் துணியை வாங்கி விற்பதில் ஒன்றும் மிஞ்சவில்லை. டேனிஷ் ஆசியக் கம்பெனியையே 1840களின் தொடக்கத்தில் கலைத்துவிட்டார்கள். பராமரிப்புச் செலவு வரவைத் தாண்டியது, விற்றார்கள்.

இதில் கொடுங்கோலன் யாருமில்லை. ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறான். காலனியத்தின் முகத்தை நாம் எப்போதும் கிளைவிடத்தில் தேடுகிறோம், கணக்குப்பிள்ளையிடத்தில் தேடுவதில்லை.

5

உடன்படிக்கையில் குடிகளுக்குப் பாதுகாப்பே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, அதைப் படிக்கத்தான் வேண்டும். தனியார் சொத்துரிமை காக்கப்படும் என்றது. தேவாலயங்களுக்கும் மிஷன்களுக்கும் உறுதி கொடுக்கப்பட்டது. 1827இல் ஆறாம் ஃபிரெடெரிக் மன்னர் சேரம்பூர்க் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையோடு கொடுத்த சாசனம் தொடரும் என்று எழுதப்பட்டது. அந்தச் சாசனத்தின் பலத்தில்தான் இன்றும் சேரம்பூர் இறையியல் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. ஆக, யாரிடம் ஏற்கெனவே காகிதம் இருந்ததோ அவர்களுக்குப் புதுக் காகிதமும் கிடைத்தது.

காகிதம் இல்லாதவர்கள் யார்? கடற்கரையில் பட்டினவர். பொறையாறு, தில்லையாடி, எருக்கட்டாஞ்சேரி வயல்களில் பறையர், பள்ளர் பண்ணையாட்கள். தறி நெய்தவர்கள், கட்டுமரத்தில் அலை தாண்டிப் போய்க் கப்பலிலிருந்து சரக்கு இறக்கியவர்கள், தோட்டிகள், மாளிகைகளில் பல்லக்குத் தூக்கியவர்கள். டேனிஷ் மன்னர் கம்பெனிக்கு விற்றது மண்ணை என்று பத்திரம் சொல்லலாம். மண் தானாக வரி கட்டாது. பன்னிரண்டரை லட்சம் என்று விலை வைக்க முடிந்ததே, இவர்கள் நாளைக்கும் உழுவார்கள், நாளைக்கும் சரக்கு இறக்குவார்கள், நாளைக்கும் தீர்வை வரும் என்ற நிச்சயத்தின் மேல்தான். விலையாகப் பேசப்பட்டது அவர்களுடைய நாளைய உழைப்பு.

இங்கே எளிதாக ஒரு சோகப் பாட்டைப் பாடிவிடலாம்: டேனிஷ்காரன் கைவிட்டான், ஆங்கிலேயன் கைப்பற்றினான் என்று. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. பண்ணையாளுக்குக் கொடி மாறியதில் இழக்க என்ன இருந்தது? கம்பெனி அரசு 1843இன் ஐந்தாவது சட்டத்தால் அடிமைத்தனத்துக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை நீக்கியிருந்தது. கைமாறியதன் மூலம் அந்தச் சட்டத்தின் நிழல் பொறையாறு வயல்களுக்கும் வந்திருக்க வேண்டும். காகிதத்தில்தான். கீழத்தஞ்சை வயல்களில் சாட்டையும் சாணிப்பாலும் அதற்குப் பிறகு நூறு வருஷம் இருந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். டேனிஷ் மன்னர், ஆங்கிலேயக் கம்பெனி, இருவருக்கும் கீழே மாறாமலிருந்த மூன்றாவது அதிகாரம் ஒன்று உண்டு. அது சாதி. அது எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்துப் போடவில்லை. போட வேண்டிய அவசியம் அதற்கு இருந்ததில்லை.

குடிகள் எப்போதும் வாய்மூடி இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சோழமண்டலக் கரையில் நெசவாளரும் பிறரும் ஒரு பட்டினத்தோடு பகைத்தால் மூட்டை கட்டிக்கொண்டு கூட்டமாக வெளியேறிவிடுவது பழைய போராட்ட முறை. தரங்கம்பாடியிலேயே 1780களின் பிற்பகுதியில், நிர்வாகத்துக்கு வேண்டப்பட்ட ஒரு துபாஷிக்கு எதிராக வலங்கைச் சாதியார் திரண்டு கலகம் செய்தார்கள். அதைச் சாதிச் சண்டை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது ஆவணக்காரர்களின் வழக்கம். சாதி அதில் இருந்தது. கூடவே, எங்களைக் கேட்காமல் எங்கள்மேல் ஒருவனை ஏற்ற முடியாது என்ற வாதமும் இருந்தது. இப்படித் திரளத் தெரிந்த ஊர், அறுபது ஆண்டுக்குள் ஒரு மேசையில் கைமாறுகிற சொத்தாகச் சுருங்கியது என்றால், வெளியேறிப் போக வேறு பட்டினம் இல்லாமல் போனது முக்கியமான காரணம். நாகப்பட்டினம், சென்னை, தஞ்சாவூர், எங்கே போனாலும் அதே கம்பெனி.

பிறகு வெளியேறினார்கள், கடல் தாண்டி. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் போனது. அந்தப் பாதையில் தொழிலாளிகளும் பின்னாலேயே வியாபாரிகளும் போனார்கள். விற்கப்பட்ட கிராமங்களில் ஒன்றான தில்லையாடியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மகள் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தாள், சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றாள், நோயோடு வெளியே வந்து பதினாறு வயதில் இறந்துபோனாள். தில்லையாடி வள்ளியம்மை. இறந்த நாள் 1914 பிப்ரவரி 22. கல்கத்தாவில் அந்தப் பத்திரம் கையெழுத்தான தேதியும் பிப்ரவரி 22 என்பது வெறும் தற்செயல். அதற்கு மேல் அர்த்தம் ஏற்ற மாட்டேன். ஆனால் ஒரு கிராமத்தின் வரலாற்றில் எந்தப் பிப்ரவரி 22ஐ நினைவில் வைத்துக்கொள்வது என்பது அரசியல். தில்லையாடி சரியானதைத் தேர்ந்துகொண்டிருக்கிறது.

6

இனி கோபன்ஹேகனுக்குப் போவோம். 1845இல் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது?

நம் சிறுபத்திரிகை வட்டாரத்துக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் அந்த ஏப்ரலில் ஒரு புத்தகம் வெளியிட்டார். சோரன் கீர்க்கெகார்ட். புத்தகம், வாழ்வுப் பாதையின் கட்டங்கள் பற்றியது. இருத்தலியல் பேசிய காலத்தில் இவர் பெயரைச் சொல்லாத தமிழ் இலக்கியக் கூட்டமுண்டா? கும்பலுக்கு எதிராக 'அந்த ஒற்றை மனிதன்' என்ற கருத்தை வைத்தவர் அவர். 1843இலிருந்தே தன் சொற்பொழிவு நூல்களின் முன்னுரையில் அந்த ஒற்றை மனிதனை அழைத்துத்தான் பேசினார். எந்த அமைப்பும் தனி உயிரை விழுங்கிவிடக் கூடாது என்பது அவருடைய வாழ்நாள் வாதம்.

கீர்க்கெகார்ட் சம்பளத்துக்கு வேலை பார்த்தவரல்ல. 1838இல் இறந்த தகப்பனார் விட்டுப்போன சொத்தில் வாழ்ந்தார், எழுதினார், சொந்தச் செலவில் அச்சிட்டார். தகப்பனார் துணி வியாபாரி. கிழக்கிந்திய, சீனச் சரக்குகளையும் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை, காப்பிக்கொட்டையையும் விற்க 1780களின் இறுதியில் அரச உரிமம் பெற்றவர். அந்தத் தீவுகளின் கரும்புக் காட்டில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தார்கள். கிழக்கிந்தியச் சரக்கு என்று கோபன்ஹேகன் கடைக்கு வந்ததில் சோழமண்டலத் தறியின் துணியும் உண்டு. கீர்க்கெகார்டின் சிந்தனை இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் அந்த ஒற்றை மனிதன் எழுதுவதற்கான ஓய்வைப் பெயரற்ற பலர் நெய்து கொடுத்திருக்கிறார்கள். நாம் அவரைத் தமிழில் பேசியபோது இந்த நூலைப் பிடித்துக்கொண்டு பொறையாறுவரை நடந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஐரோப்பாவின் மனசாட்சி ஒரு தனிப் பாடம், தரங்கம்பாடி அச்சு வரலாற்றில் இன்னொரு பாடம் என்று பிரித்து வைத்துக்கொண்டோம்.

அதே கோடையில் கோபன்ஹேகனில் ஸ்காண்டிநேவிய மாணவர்களின் பெரிய கூடுகை நடந்தது. ஓர்லா லேமன் என்ற தாராளவாதத் தலைவர் ஸ்காண்டிநேவிய சகோதரத்துவத்துக்குச் சத்தியம் வாங்கினார். தேசம், மக்கள், சுதந்திரம் என்ற சொற்கள் தெருவில் சத்தமாகக் கேட்கத் தொடங்கிய காலம். கலாத்தியா கப்பல் புறப்பட்டதும் அந்தக் கோடையில்தான். 1848இல் மன்னரின் வரம்பற்ற ஆட்சி முடிந்தது. 1849 ஜூன் 5 அன்று அரசியலமைப்புச் சட்டம் வந்தது. முப்பது வயதும் சொந்தக் குடித்தனமும் உள்ள ஆண்களுக்கு வாக்குரிமை. அன்றைய ஐரோப்பாவில் அது பெரிய விஷயம்.

நான்கே ஆண்டு. விற்பனை நான்காண்டு தள்ளிப்போயிருந்தால் பொறையாறு விவசாயி குடிமகனாகியிருப்பானா? மாட்டான். மேற்கிந்தியத் தீவுகள் டென்மார்க்கிடமே இருந்தன; 1848இல் அங்கே அடிமைகள் எழுந்து நின்று விடுதலையை வாங்கினார்கள்; இருந்தும் கோபன்ஹேகன் நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு இருக்கை கொடுக்கப்படவில்லை. ஆக, விற்றது கொடுங்கோல் மன்னன், ஜனநாயகம் வந்திருந்தால் விற்றிருக்காது என்ற ஆறுதல் செல்லாது. தொடர்ந்து விற்றார்கள். 1850இல் ஆப்பிரிக்கப் பொற்கரைக் கோட்டைகளைப் பத்தாயிரம் பவுனுக்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1868இல் நிக்கோபார் தீவுகளின் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். 1917இல் மேற்கிந்தியத் தீவுகளை இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றார்கள். இந்தக் கடைசி விற்பனைக்கு முன், 1916 டிசம்பரில், முறைப்படி பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். எங்கே? டென்மார்க்கில். விற்கிற நாட்டார் வாக்களித்தார்கள். விற்கப்படுகிற தீவினர் அதில் வாக்களிக்கவில்லை.

1845இல் யாரையுமே கேட்கவில்லை. 1916இல் விற்கிறவர்களைக் கேட்டார்கள். எழுபது ஆண்டுகளில் ஜனநாயகம் நடந்த தூரம் இவ்வளவு. எங்கள் அப்பா ஜனநாயகம் என்ற சொல் இல்லாமலே இதைச் சொல்லிவிட்டார்.

7

ஒரு பின்குறிப்பு இலக்கியக்காரர்களுக்கு. தரங்கம்பாடி கைமாறி ஒரு தலைமுறைகூட ஆகாத நிலையில், அந்தப் பட்டினத்தின் ஆங்கிலேய நீதிமன்றத்தில் முன்சீப்பாக வந்து அமர்ந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. பின்னால் 1879இல் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டவர். அச்சு தந்த ஊர் என்றுதான் தரங்கம்பாடியைச் சொல்கிறோம். நம் முதல் நாவலாசிரியர் வாய்தாவும் சாட்சியும் பத்திரமும் வில்லங்கமும் கேட்டுக்கொண்டிருந்த ஊர் என்றும் அதைப் படிக்கலாம். தமிழ் உரைநடை பிரசங்கத்தில் மட்டும் வளரவில்லை, வழக்கிலும் வளர்ந்தது.

ஓரசுண்ட் என்கிற நீரிணையில், ஹாம்லெட் நாடகம் நடக்கும் எல்சினோரில், டென்மார்க் மன்னர்கள் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து 1857வரை போகிற வருகிற கப்பல்களை நிறுத்திச் சுங்கம் வாங்கினார்கள். ராஜ்யத்தின் கஜானாவை நெடுங்காலம் தாங்கியது அந்தச் சுங்கம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்ச் சுங்கச்சாவடிக்கு எதிராகத் திருமங்கலம் வட்டாரத்து மக்கள் எத்தனையோ ஆண்டுகள் கடையடைத்தும் மறித்தும் போராடியது ஊரறிந்த கதை. சாலை போட்டவனுக்கும் ஏலம் எடுத்தவனுக்கும் நடுவே ஒப்பந்தம் இருக்கிறது. பக்கத்து ஊருக்குக் காய்கறி கொண்டுபோகிறவன் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. கட்டணச் சீட்டில் மட்டும் இருக்கிறான்.

ஆகவே நான் சொல்ல வருவது பழைய பட்டினம் ஒன்றைப் பற்றி மட்டுமல்ல. கொடி, கோட்டை, பீரங்கி, பாதிரியார், அச்சுக்கூடம் ஆகியவற்றை வைத்து எழுதிய தரங்கம்பாடி வரலாறு போதுமான அளவு நம்மிடம் இருக்கிறது. கணக்கை வைத்து எழுதிய வரலாறு வேண்டும். டேனிஷ் கால ஆவணங்கள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. சென்னை ஆவணக் காப்பகத்திலும் ஒரு தொகுதி இருக்கிறது. தீர்வைக் கணக்கு, திருச்சபைப் பதிவேடு, ஊரார் கொடுத்த மனு, நீதிமன்ற வாக்குமூலம் இவற்றில் அந்தப் பட்டினவரும் பண்ணையாளும் பெயரோடு வருகிற இடங்கள் உண்டு. எழுதியவன் வேறு எதற்கோ எழுதியிருப்பான். நாம் வேறு எதற்கோ படிக்க வேண்டும். ரணஜித் குகா முதலானோர் கலகங்களின் ஆவணங்களை அப்படிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கலகமே நடக்காத கிரயப் பத்திரத்தையும் அப்படிப் படிக்கப் பழக வேண்டும். டேனிஷ் மொழி கற்றுக்கொள்ள ஒரு தோழர் முன்வந்தால் நல்லது. பட்டியலில் கீர்க்கெகார்டையும் மூலத்தில் படிக்கலாம் என்று ஆசை காட்டத் தயார்.

இதை எழுதி முடித்த அன்று, பழைய நிலத்தின் பக்கமாக நடந்து போனேன். கிடங்கு ஒன்று நிற்கிறது. கிணறு மூடப்பட்டுவிட்டது. வேப்பமரத்தில் ஒன்று இருக்கிறது, வாகனம் நிறுத்துகிற இடத்தில். அப்பாவிடம் 1845ஐப் பற்றிச் சொன்னேன். ராஜா, கம்பெனி, பன்னிரண்டரை லட்சம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"அந்த வருஷம் வெதச்சிருந்தவன் அறுத்தானாடா?"

எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை. வரலாறு எழுதுகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.